வீயும் டபிள்யூவும் ஒரே கொக்கி: அப்பாயிக்கு வந்த கடிதமும் ஆங்கில எழுத்துகளின் கதையும்

எங்க அப்பாயி முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்ட பிறகு ஈ.பி.எஃப் காசுக்கு விண்ணப்பம் போட்டோம். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. காசு பற்றி அதில் ஒன்றுமில்லை. தோட்டத்துப் பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் வேறு வேறாக இருக்கின்றன, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும் என்றிருந்தது.

அப்பாயியின் பெயரை இங்கே எழுதவில்லை. 'வ'வில் தொடங்கும் பழைய காலத்துப் பெயர், ஒரு லயத்தில் ரெண்டு பேருக்காவது இருக்கும். தமிழில் அதை ஒரே மாதிரிதான் எழுத முடியும். ஆங்கிலத்தில் ஒரு கடதாசியில் வீ போட்டு எழுதியிருந்தார்கள், இன்னொன்றில் டபிள்யூ. மற்ற எழுத்தெல்லாம் சரி.

கடிதத்தை வாசித்துச் சொன்னேன். அப்பாயி கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கேட்டுச்சு: "அந்த ரெண்டு எழுத்துக்கும் அப்படி என்ன சாமி சண்டை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏ, பி, சி, டி பாடியிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இங்கிலீஷ் துரைமாரோடு வந்தது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. அதுவும் ஒரு மலையில், ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்த ஆட்களிடம்.

சுரங்கத்தில் கிடைத்த எழுத்து

எகிப்துக்குக் கிழக்கே சினாய் என்ற வறண்ட மலை நாடு இருக்கிறது. அதன் தென்மேற்கில் செராபித் எல்-காதிம் என்று ஓர் இடம். எகிப்து மன்னர்கள் அங்கே நீலப்பச்சை நிறமான டர்க்கோய்ஸ் கல்லுக்காகச் சுரங்கம் வெட்டினார்கள். பக்கத்தில் ஹாதோர் என்ற பெண் தெய்வத்துக்குக் கோயிலும் கட்டினார்கள். அந்தச் சுரங்கப் பயணங்களில் எகிப்தியரோடு கானான் பகுதி ஆட்களும் இருந்தார்கள். கானான் என்பது இன்றைய பாலஸ்தீன், இஸ்ரேல், லெபனான் பக்கம்.

1905இல் பிளிண்டர்ஸ் பெட்ரியும் அவர் மனைவி ஹில்டா பெட்ரியும் அங்கே அகழாய்வு செய்தபோது, கல்லில் ஒரு விசித்திரமான கிறுக்கலைப் பார்த்தார்கள். எகிப்தியப் பட எழுத்து மாதிரி இருந்தது, ஆனால் எகிப்திய மொழியாக வாசிக்க முடியவில்லை. குறிகளும் மிகக் குறைவு. 1916இல் ஆலன் கார்டினர் என்ற அறிஞர், திரும்பத் திரும்ப வந்த ஒரு குறித்தொடரை வாசித்தார். அது 'பாலத்' என்ற சொல். கானான் மொழியில் 'அம்மன்', 'தலைவி' என்று பொருள். எகிப்தியர் ஹாதோர் என்று கும்பிட்ட தெய்வத்தை அந்த வெளியூர் ஆட்கள் தங்கள் மொழியில் தங்கள் பெயர் சொல்லிக் கும்பிட்டிருக்கிறார்கள். மலையேறி வந்த இடத்திலும் மாரியம்மனுக்குக் கோயில் வைத்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்த எழுத்து ஏறத்தாழ 3800 ஆண்டுப் பழசு என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் சுற்றி வளைத்து வந்தது இங்கிருந்துதான்.

என்ன செய்தார்கள் அவர்கள்? எகிப்திய எழுத்தில் அப்போது நூற்றுக்கணக்கான குறிகள் புழக்கத்தில் இருந்தன. அதைக் கற்க வருஷக்கணக்காகும். அதற்கென்று பயிற்சி பெற்ற எழுத்தர்கள் இருந்தார்கள். வெளியூர் ஆட்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். ஒரு பொருளின் படத்தைப் போடு, அந்தப் பொருளின் பெயரில் வரும் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொள். நம்ம பக்கம் செய்திருந்தால் எப்படி இருக்கும்? கூடைப் படம் போட்டால் 'க்', மலைப் படம் போட்டால் 'ம்', லயத்துப் படம் போட்டால் 'ல்'. முப்பதுக்கும் குறைவான படங்கள் போதும், மொழி முழுவதையும் எழுதிவிடலாம்.

இதைச் செய்தது யார் என்பதில் அறிஞர்களிடம் ஒரு சண்டை உண்டு. எகிப்திய எழுத்தே வாசிக்கத் தெரியாத சுரங்கத் தொழிலாளிகள்தான் என்கிறார் ஓர்லி கோல்ட்வாசர். தெரியாததால்தான் படத்தைப் படமாகப் பார்த்து, புதுசாக யோசிக்க முடிந்தது என்பது அவர் வாதம். இல்லை, எகிப்திய எழுத்து நன்றாகத் தெரிந்த கானானிய அதிகாரிகள்தான் செய்திருக்க முடியும் என்று வேறு சிலர் மறுக்கிறார்கள். 1990களில் எகிப்தின் லக்சர் ஊருக்கு அப்பால், வாதி எல்-ஹோல் என்ற பாலைவனப் பாதையிலும் இதே வகை எழுத்து கிடைத்தது. அங்கே பக்கத்திலிருந்த எகிப்தியக் கல்வெட்டு ஒன்று அந்நிய நாட்டு ஆட்களின் படைத்தலைவன் ஒருவனைக் குறிப்பிடுகிறது.

தொழிலாளியோ, படையாளோ, அவர்களை மேய்த்த அதிகாரியோ, யாராக இருந்தாலும் ஒரு விஷயம் தெளிவு. இந்த எழுத்து அரண்மனையில் பிறக்கவில்லை. அடுத்தவன் நாட்டில், அடுத்தவனுக்காக வேலை செய்யப் போன இடத்தில் பிறந்தது.

பி.ஓ.பி என்றால் என்ன?

இப்போது ஸ்டோருக்குப் போவோம். அரைத்துக் காய்ந்த தேயிலையைச் சலித்துப் பிரிக்கும்போது ஒவ்வொரு ரகத்துக்கும் ஆங்கில எழுத்தில்தான் பெயர். ஓ.பி, பி.ஓ.பி, பி.ஓ.பி.எஃப், டஸ்ட். நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். பி.ஓ.பி என்பது 'புரோக்கன் ஆரஞ்ச் பீக்கோ'. புரோக்கன் என்றால் உடைந்த இலை. பீக்கோ சீனச் சொல்லில் இருந்து வந்தது, இளங்கொழுந்தின் மேல் இருக்கிற வெள்ளைப் பூமயிரைக் குறிக்கும். ஆரஞ்ச் என்பதற்கும் தோடம்பழத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த மூன்று எழுத்தையும் சினாய் மலைக்காரர் கண்ணால் பாருங்கள். முதல் பி என்பது 'பெத்', அதாவது வீடு. நடுவில் உள்ள ஓ என்பது 'அயின்', அதாவது கண். வட்டம் போட்டுக் கண்ணைக் காட்டினார்கள், வட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. கடைசி பி வேறு எழுத்து. தமிழில் எழுதினால் ரெண்டும் ஒன்றாகத் தெரியும், ஆங்கிலத்தில் வேறு. அது 'பே', அதாவது வாய். வீடு, கண், வாய். பெட்டி பெட்டியாக நம்மவர்கள் சுமந்து ஏற்றிய எழுத்து இது.

ஏ என்ற எழுத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். ரெண்டு கொம்போடு ஒரு மாட்டுத் தலை தெரியும். அதன் பெயர் 'ஆலெப்', மாடு. எம் என்பது 'மேம்', தண்ணீர், அதனால்தான் அலை அலையாக இருக்கிறது. ஆர் என்பது 'ரேஷ்', தலை. கே என்பது 'காப்', உள்ளங்கை. விரல் விரிந்த கையைப் பக்கவாட்டில் பார்த்தால் கே தெரியும். கையெழுத்து மாதிரி ஒரு கை எழுத்து.

ஈ.பி.எஃப் என்ற மூன்றையும் இதே மாதிரி பார்த்தேன். ஈ என்பது ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள். பி, வாய். எஃப், கொக்கி. கையைத் தூக்கிக் கத்துகிற ஒரு ஆள், பிறகு ஒரு கொக்கி. அப்பாயியிடம் சொன்னேன். "சரியாத்தானே எழுதியிருக்கான்" என்று சிரிச்சுச்சு.

அந்தக் கொக்கியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயியின் வழக்கு அதில்தான் மாட்டியிருக்கிறது.

ஊர் ஊராகப் போன எழுத்து

கானானில் இருந்து இந்த எழுத்தைக் கடலோரத்துப் பினீசிய வணிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் 22 எழுத்து, எல்லாமே மெய். கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டில் கிரேக்கரிடம் இது புழக்கத்தில் இருந்ததற்குச் சான்றுகள் உண்டு. தங்கள் வாயில் வராத ஒலிகளின் எழுத்துகளை அவர்கள் உயிரெழுத்தாக மாற்றிக்கொண்டார்கள். மாடு அப்படித்தான் 'ஏ' ஆனது. ஆலெப், பெத் என்ற பெயர்களை ஆல்பா, பீட்டா என்று சொன்னார்கள். ஆல்பபெட் என்ற சொல் அதில் வந்தது. பொருள் பார்த்தால் 'மாடு வீடு'.

கிரேக்கரிடமிருந்து இத்தாலியின் எத்ருஸ்கருக்கும், அவர்களிடமிருந்து ரோமருக்கும் போனது. ரோமரிடம் முதலில் ககர ஒலிக்கும், 'கங்கை'யின் இரண்டாம் ககரம் போன்ற ஒலிக்கும் சி என்ற ஒரே எழுத்துதான் இருந்தது, நம்ம 'க' மாதிரி. கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் சியில் ஒரு சின்னக் கோடு இழுத்து ஜி என்ற எழுத்தை உண்டாக்கினார்கள். ஆனாலும் காயுஸ் என்ற பெயரைச் சுருக்கும்போது, ஜி ஒலியில் சொல்லிக்கொண்டே சி என்றுதான் தொடர்ந்து எழுதினார்கள். சொல்வது ஒன்று, கடதாசியில் இருப்பது ஒன்று. இந்தத் தொல்லை ரோமருக்கே இருந்திருக்கிறது.

இப்போது கொக்கிக்கு வருவோம். பினீசியர் 'வாவ்' என்று ஓர் எழுத்து வைத்திருந்தார்கள். வாவ் என்றால் கொக்கி, முளை. அது ஊர் ஊராகப் போகும்போது கிளை விட்டது. எஃப், யூ, வீ, டபிள்யூ, வை ஆகிய ஐந்தும் அந்த ஒரே கொக்கியின் பிள்ளைகள். ரோமரிடம் யூவும் வீயும் ஒரே எழுத்து. ஆங்கிலேயருக்கு 'வ' போன்ற ஓர் ஒலி தனியாகத் தேவைப்பட்டபோது அந்த எழுத்தையே ரெண்டு தடவை பக்கத்தில் எழுதினார்கள். அதனால்தான் பெயர் 'டபிள் யூ'. உருவத்தைப் பார்த்தால் ரெண்டு வீ. ரெண்டும் சரி, ஏனென்றால் அப்போது யூவும் வீயும் ஒன்றே.

பூண்டுலோயா பக்கம் டன்சினன் தோட்டம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயர் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் வரும் ஸ்கொட்லாந்துக் குன்றின் பெயர். மக்பெத் முதலில் அச்சானது 1623இல். அந்தப் புத்தகத்தில் சொல்லின் தொடக்கத்தில் வீயும் நடுவில் யூவும் போட்டிருப்பார்கள், ஒலி எதுவானாலும். 1755இல் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட பேர்பெற்ற ஆங்கில அகராதியிலும் ஐயும் ஜேயும் ஒரே வரிசையில், யூவும் வீயும் ஒரே வரிசையில்தான் இருந்தன. கண்டி மலையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியது 1820களில். அதாவது நம்ம முன்னோர்கள் தலைமன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வருவதற்கு ஏறத்தாழ 70 வருஷத்துக்கு முன்னால் வரைக்கும், ஆங்கிலேயரின் அகராதியிலேயே 26 எழுத்தும் தனித்தனியாகப் பிரியவில்லை.

தமிழ் எழுத்தும் இதற்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். பினீசிய எழுத்திலிருந்து அரமேய எழுத்து வந்தது. அரமேயத்தைப் பார்த்தே பிராமி உருவானது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். இல்லை, பிராமி இந்த மண்ணிலேயே தோன்றியது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பிராமியிலிருந்து தமிழும் சிங்களமும் வந்தன என்பதில் மட்டும் சண்டை இல்லை. நாட்டில் பெயர்ப்பலகைகளில் மூன்று எழுத்தும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். முதல் கருத்து சரியென்றால் மூன்றுக்கும் பாட்டி ஒருத்திதான்.

மலைக்கு வந்த எழுத்து

சுரங்க மலையில் பிறந்த எழுத்து 3600 வருஷம் கழித்து தேயிலை மலைக்கு வந்தபோது, ஆளைக் கணக்கு வைக்கிற எழுத்தாக வந்தது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பிறகு கோப்பி நோய்வாய்ப்பட்டு அழிய, மலை முழுக்கத் தேயிலையானது, ஆள் தேவையும் கூடியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவர 'டின் டிக்கெட்' முறை வந்தது. சின்னத் தகரத் தகடு ஒன்றில் எழுத்தும் இலக்கங்களும் குத்தியிருக்கும். அதைப் பார்த்தாலே ஆள் எந்தத் தோட்டத்துக்கு என்று வழியில் உள்ள அதிகாரிக்குத் தெரிந்துவிடும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலானோர் முதன்முதலாகத் தொட்ட ஆங்கில எழுத்து அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்தது துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று அதில் இருக்கும். தன்னைப் பற்றிய கடதாசியைத் தானே வாசிக்க முடியாமல் ஆட்கள் நடந்தார்கள். கடன் ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏறியது. அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது.

பிறகு செக்ரோல். நம்ம தோட்டத் தமிழில் ஒருநாள் சம்பளத்துக்கே 'பேர்' என்றுதான் பெயர். "இன்னைக்கு பேர் விழுந்துச்சா?" என்று கேட்போம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வேலையும் பெயரும் ஒன்றாகிப்போன இடத்தில், அந்தப் பெயரை எழுதும் எழுத்து மட்டும் தொழிலாளியின் கையில் இல்லை. கிளாக்கர் காதில் எப்படி விழுந்ததோ அப்படிப் பதிவானது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தரும் பொறுப்பைத் தோட்டத்தின் மீது வைத்தது. ஆங்கிலம் அந்தப் பள்ளிகளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

வீயா டபிள்யூவா என்ற குழப்பத்துக்கும் காரணம் இருக்கிறது. சிங்களப் பெயர்களில் வகரத்தை டபிள்யூ போட்டு எழுதுவதுதான் இந்த நாட்டில் வழக்கம், விஜேசிங்க, விக்கிரமசிங்க மாதிரி. தமிழ்ப் பெயர்களுக்கு வீ போடுவார்கள். எந்தக் கையில் படிவம் மாட்டியதோ அந்தக் கையின் பழக்கம் பெயரில் ஏறிவிடும். எழுதினவர் மேல் குற்றமில்லை. ஆனால் அதைத் திருத்துகிற அலைச்சல் மட்டும் எப்போதும் பெயருக்குச் சொந்தக்காரர் தலையில்தான்.

இது காசு விஷயம் மட்டுமில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று இரண்டு அரசுகளும் பங்கு போட்டன. அந்தக் காலம் முழுக்க, நீ யார் என்பதைக் கடதாசிதான் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார் என்ற பயம் நம்ம வீடுகளில் இன்னும் போகவில்லை. பழைய தகரப் பெட்டியில் எல்லாக் கடதாசியையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பது அதனால்தான்.

கைநாட்டும் ஓர் எழுத்துதான்

ஆனால் எழுத்து எப்போதும் துரை பக்கமே நிற்கவில்லை. மடகொம்பர தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அதே ஆங்கிலத்தை எடுத்து, தேயிலைத் தோட்டத்து ஆட்களின் வாழ்க்கையைக் கவிதையாக எழுதினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார். சினாய் மலையில் வெளியூர் ஆட்கள் அரசனின் படங்களை எடுத்துத் தங்கள் அம்மன் பெயரை எழுதினார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அப்பாயியின் வழக்குக்கு சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. இந்தப் பெயரும் அந்தப் பெயரும் நான்தான் என்று அதில் எழுதி, கீழே அப்பாயி கைநாட்டு வைத்தது. வைத்துவிட்டு விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுதத் தெரியாததை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டது. அப்போது சொன்னேன்: அந்தப் பழைய எழுத்து வரிசையில் கடைசி எழுத்தின் பெயர் 'தாவ்'. தாவ் என்றால் அடையாளக் குறி. ரெண்டு கோட்டைக் குறுக்கே போட்ட குறி, எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதிலாக உலகமெங்கும் போடுகிற அதே குறி. இன்றைக்கு ஆங்கிலத்தில் அது டீ என்ற எழுத்து. நீங்கள் முப்பது வருஷம் கிள்ளின டீயின் பெயரும் அதே ஒலிதான்.

காசு இன்னும் வரவில்லை. அதற்குள் ஒரு வேலை செய்தோம். லயத்தில் எல்லா வீட்டுப் பெட்டியையும் திறந்து, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈ.பி.எஃப் கடதாசி மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோம். வேறுபாடு இல்லாத வீடு ஒன்றிரண்டுதான். நீங்களும் உங்கள் தோட்டத்தில் இதைச் செய்யுங்கள். ஓய்வு பெற்ற பிறகு அலைவதை விட, வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது லேசு. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது எல்லா லயத்திலும் இருக்கிறோம்.

பார்த்து முடித்த அன்று சாயங்காலம் அப்பாயி தன்னுடைய ரெண்டு கடதாசியையும் எடுத்து, வீ எது, டபிள்யூ எது என்று காட்டச் சொன்னது. காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இது ஒத்தக் கொக்கி, இது ரெட்டக் கொக்கி. ரெண்டும் நாந்தான்."